கார் ராத்திரி எங்கே தூங்கும்?

2020 ஜனவரியில் டாடா நெக்சான் மின்கார் 14 லட்சத்துக்குச் சந்தைக்கு வந்தபோதே எனக்கு ஆசை வந்துவிட்டது. வாங்கியது 2024 ஆகஸ்ட் கடைசியில். இடையில் நாலரை வருடம். அந்தக் காத்திருப்பில் பாதி தேவையானது, பாதி வெறும் பயம். எது எந்தப் பாதி என்பது இப்போதுதான் தெரிகிறது. "இப்ப வாங்கலாமா, இன்னும் பொறுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். பழைய பெட்ரோல் காரைத் தெருவில்தான் நிறுத்துவோம். சில நாள் எங்கள் வீதியில் இடம் கிடைக்கும், சில நாள் அடுத்த வீதிக்குப் போகவேண்டும். நான் மின்காரின் மைலேஜ், பேட்டரி என்று அளந்துகொண்டிருந்தேன். என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, இந்தக் கார் ராத்திரி எங்க தூங்கும்?"

மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட முடியாது. வீட்டுக்காரரின் மீட்டரிலிருந்து எடுக்க அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். வெளியில் சார்ஜ் செய்துகொண்டு காலம் தள்ளலாம் என்று நினைத்துப் பார்த்தேன். திருச்சியில் அன்றைக்கு இருந்த சார்ஜிங் நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொது இடத்தில் போடும் கரண்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு உண்டு. இன்றும் நெடுஞ்சாலையில் ஒரு யூனிட்டுக்கு இருபது ரூபாய்க்கு மேல் கொடுத்துத்தான் போடுகிறேன். தினசரி ஓட்டத்துக்கு அதை நம்பினால் மின்காரின் பாதி லாபம் அங்கேயே போய்விடும். அதனால் 2020ல் வாங்காதது சரிதான்.

2022ல் வந்தது பயம். அந்த மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து, வீட்டில் இருந்த அப்பாவும் மகளும் இறந்துபோன செய்தியை அம்மா பேப்பரில் படித்துவிட்டார்கள். "அந்த வண்டி நம்ம வீட்டு வாசல்ல வேண்டாம்ப்பா" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. படிக்க ஆரம்பித்தேன். லித்தியம் பேட்டரியில் வகைகள் உண்டு. இப்போது நம் ஊரில் விற்கும் மின்கார்கள் பலவற்றில் இருப்பது எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். நிக்கல் கலந்த வகையைவிட இது எடை கூடுதல், ஆனால் சூடு தாங்கும், அவ்வளவு எளிதில் தீப்பற்றாது. அந்த வருட விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. ஸ்கூட்டருக்கு ஏஐஎஸ் 156, காருக்கு ஏஐஎஸ் 038. புதிய சேர்க்கைகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடப்புக்கு வந்தன. அதுவரை பொறுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஷோரூமில் முதலில் கேட்கவேண்டியது "எவ்வளவு தூரம் ஓடும்" என்பதல்ல, "என்ன வகை பேட்டரி" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் மற்றதையும் கேட்டுப் பயனில்லை.

அப்புறம் 2023 மார்ச். வருமான வரிச் சட்டத்தில் 80இஇபி என்று ஒரு பிரிவு. மின்வாகனக் கடனுக்குக் கட்டும் வட்டியில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடன் 2023 மார்ச் 31க்குள் அனுமதியாகியிருக்கவேண்டும். மாதக் கடைசியில் ஒரு ஷோரூமிலிருந்து தினமும் போன். "சார், இந்த வாரம் விட்டா போச்சு." நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து லட்சம் கடனுக்கு முதல் வருட வட்டி சுமார் 80,000. எனக்கு 20 சதவீத வரி. ஆக மிச்சம் 16,000 ரூபாய், அதுவும் வருடா வருடம் வட்டி குறையக் குறையக் குறையும். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அதுவும். பதினாறாயிரத்துக்காகப் பதினைந்து லட்சத்துப் பொருளை அவசரமாக வாங்குவதா? சலுகையின் கடைசித் தேதி வரும்போதெல்லாம் இப்படி எழுதிப் பாருங்கள். சலுகையின் பெயர் பெரிதாக இருக்கும், கைக்கு வரும் தொகை சின்னதாக இருக்கும்.

ஆனால் எல்லாச் சலுகையும் அப்படியல்ல. தமிழ்நாட்டில் சாலைவரி விஷயம் நிஜமாகவே பெரியது. 2023 நவம்பரில் நம் மாநிலத்தில் கார்களுக்கான ஆயுள்வரி உயர்ந்தது. 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். மின்காருக்கு அப்போது முழு விலக்கு. 11 லட்சத்துப் பெட்ரோல் காருக்கு வரி மட்டும் 1,98,000 ரூபாய். அதே அளவு மின்கார் 14.5 லட்சம், வரி பூஜ்யம். விலைப்பலகையில் மூன்றரை லட்சம் வித்தியாசம் தெரிகிறது, சாலைக்கு வரும்போது அது ஒன்றரை லட்சமாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் ஷோரூம் விலையை ஒப்பிடாதீர்கள். பதிவு, வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த விலையை இரண்டு பக்கமும் எழுதி வாங்குங்கள்.

இதை எழுதும்போது ஒன்றைச் சேர்த்தே ஆகவேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிவிட்டது. அதுவரை 28 சதவீதமும் மேல்வரியும் இருந்தது. மின்காருக்கு முன்பும் 5, இப்போதும் 5. அதனால் அந்த இடைவெளி மறுபடி அகன்றிருக்கிறது. நான் வாங்கியபோது சாலைவரி விலக்குக்கு 2025 கடைசி வரை என்று தேதி போட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட விலக்குகள் எல்லாமே தேதி போட்டு வருபவை. நீங்கள் வாங்கும் மாதத்தில் எது நடப்பில் இருக்கிறது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கவேண்டும். என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், போட்ட முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முடிவைக் கொண்டுவந்தவை இரண்டு மாற்றங்கள். இரண்டுமே கார் சந்தையில் நடந்தவையல்ல, எங்கள் வீட்டில் நடந்தவை. 2023 ஜூனில் எனக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் வந்தது. போக 55, வர 55, ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டர். துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று நல்ல நாலுவழிச் சாலைதான். ஆனால் பழைய கார் லிட்டருக்கு 16 கொடுத்தது. மாதம் 24 நாள், 2,640 கிலோமீட்டர், 165 லிட்டர். சம்பளத்தில் பதினாறாயிரத்துக்கு மேல் பெட்ரோல் பங்கில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் சித்திரையில் எடமலைப்பட்டிபுதூர் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்தோம். போர்ட்டிகோவில் ஒரு கார் நிற்கும். மனைவியின் கேள்விக்கு அன்றைக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது.

அதற்கு முன்பே மூன்று மாதம் ஒரு பாக்கெட் நோட்டில் தினமும் ஓடிய தூரத்தை எழுதி வந்தேன். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நம் மனதில் இருக்கும் தூரம் வேறு, நாம் ஓடும் தூரம் வேறு. "சென்னைக்கு அடிக்கடி போவோமே" என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். நோட்டைப் பார்த்தால் 91 நாளில் 200 கிலோமீட்டரைத் தாண்டியது நான்கே நாள். சென்னை ஒரே ஒரு தடவை.

அந்த நான்கு நாளுக்கும் பதில் வேண்டும் அல்லவா? அதற்காக ஒரு பொங்கல் விடுமுறைக்கு மின்கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சென்னைக்குப் போனோம். பெரம்பலூர், தொழுதூர், வேப்பூர் வரை எந்தக் கவலையும் இல்லை. உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு ஓட்டல் வளாகத்தில் சார்ஜ் போடத் திட்டம். உள்ளே நுழையும்போது பேட்டரி 11 சதவீதம். அங்கே இருந்த இரண்டு சார்ஜிங் துப்பாக்கிகளில் (காரில் செருகும் கைப்பிடி) ஒன்று வேலை செய்யவில்லை, மற்றொன்றுக்கு முன்னால் மூன்று கார்கள். இரண்டு மணி நேரம். வெயிலில் அம்மா, தூங்கி எழுந்து அழும் மகள். அன்றைக்கு மட்டும் என்னைக் கேட்டிருந்தால் மின்காரே வேண்டாம் என்றிருப்பேன்.

ஆனால் திரும்பி வரும்போது வேறு மாதிரி வந்தோம். 30 சதவீதம் இருக்கும்போதே நிறுத்தினோம். ஒரே இடத்தில் நான்கைந்து சார்ஜர் இருக்கும் நிலையமாகத் தேர்ந்தெடுத்தோம். கிளம்பும் முன் செயலியில் அங்கே கடைசியாக யார், எப்போது சார்ஜ் செய்தார் என்று பார்த்தோம். ஒரு மணி நேரத்துக்கு முன் யாரோ போட்டிருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். 80 சதவீதம் ஆனதும் பிடுங்கிவிட்டுக் கிளம்பினோம், அதற்கு மேல் ஏறும் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். மணிக்கு 100க்குப் பதில் 85ல் வந்தோம். நேரம் கொஞ்சம்தான் கூடியது, பேட்டரி நன்றாக மிஞ்சியது. சாப்பிட நின்ற நேரத்திலேயே சார்ஜ் முடிந்தது. இரண்டு பயணமும் ஒரே கார், ஒரே சாலை. வாங்குவதற்கு முன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஷோரூம் வாசலில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதில் இது எதுவும் தெரியாது.

கம்பெனி சொல்லும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். என் காரின் பேட்டரி சுமார் 40 யூனிட் பிடிக்கும் (காகிதத்தில் கிலோவாட்-மணி என்று போட்டிருப்பது நம் கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான்). காகிதத்தில் 400க்கு மேல், சாலையில் ஏசியோடு 270, 280. எனக்குத் தினமும் 110தான் என்பதால் அது போதும். ஊட்டி போகிறவர்களுக்கு இன்னொன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறுவது பேட்டரியை உறிஞ்சி எடுத்துவிடும், இறங்கும்போது காரே சார்ஜ் ஆகிக்கொண்டு வரும். ஆனால் ஏறியதில் ஒரு பகுதிதான் திரும்பும், முழுதும் திரும்பாது.

இனி கரண்ட் கணக்கு. "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சார்" என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். அவர்கள் நம் ஊர்ப் பில்லைப் பார்த்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம், 500 வரைக்கும் ஒரு விதம், 500ஐத் தாண்டிவிட்டால் கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறிவிடும். எங்கள் வீட்டுக்கு முன்பு 420 யூனிட், பில் ஆயிரத்து முந்நூறு சொச்சம். காருக்கு நாளைக்கு 16 யூனிட் வீதம் இரண்டு மாதத்துக்கு 760 சேர்ந்தது. மொத்தம் 1,180. 2024 ஜூலையில் வந்த கட்டணத்தில் 600க்கு மேல் 9.65, 800க்கு மேல் 10.70, 1,000க்கு மேல் 11.80. முதல் பில் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. அம்மா மீட்டர் பழுது என்றே நினைத்துவிட்டார்கள்.

கூடுதல் தொகையை ஓடிய தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். பழைய காரில் அது 6.35. அப்படியும் மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மிச்சம்தான். ஒன்றரை லட்சம் விலை வித்தியாசம் ஒரே வருடத்தில் தீர்ந்தது. ஆனாலும் அந்த ஒன்பதாயிரம் பில்லை முன்கூட்டியே தெரிந்து எதிர்பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் கடைசி மூன்று பில்லை எடுத்து, இரண்டு மாதத்தில் ஓடும் தூரத்தை ஏழால் வகுத்து (ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர்) வரும் யூனிட்டை அதன்மேல் கூட்டி, எந்தப் படிக்குப் போகிறது என்று பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஏசி ஓடுகிறவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். நாங்கள் பிறகு மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் தருகிறது. திருச்சியில் வெயிலுக்கா பஞ்சம்? அந்த உயரமான படியிலிருந்து இறங்கிவிட்டோம்.

வயரிங் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எங்கள் கார் வந்த முதல் ராத்திரி சார்ஜே ஏறவில்லை. சிவப்பு விளக்குதான் எரிந்தது. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 11 வோல்ட் காட்டியது. வீடு கட்டியவர் எர்த் கம்பியைப் பேருக்கு மண்ணில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். ஃபிரிட்ஜும் மிக்ஸியும் அதைப் பொருட்படுத்தாமல் ஓடின, கார் ஒப்புக்கொள்ளவில்லை. புதிதாக எர்த் குழி தோண்டி, மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், தனி எம்சிபி (சுமை மீறினால் கரண்டை நிறுத்துவது), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் நிறுத்துவது), புதிய 16 ஆம்ப்பியர் சாக்கெட் என்று எல்லாம் போட்ட பிறகுதான் பச்சை விளக்கு வந்தது. மழைக்காலத்தில் ஈரத் தரையில் நின்று பிளக்கைச் செருகும்போதெல்லாம், அந்தக் கார் அன்றைக்கு மறுத்தது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன். பழைய ஏசி சாக்கெட்டிலேயே மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏசி விட்டு விட்டு இழுக்கும், கார் எட்டு மணி நேரம் ஒரே சீராக இழுக்கும். தளர்ந்த சாக்கெட் உருகிவிடும்.

வீட்டில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்பதும் முக்கியம். சாதாரண சார்ஜர் 3.3 கிலோவாட் எடுக்கும். எங்கள் இணைப்பே 3 கிலோவாட்டுக்குத்தான் இருந்தது. மின்வாரியத்தில் விண்ணப்பித்து த்ரீ ஃபேஸுக்கு மாற்றினோம். அந்த வேலையைக் கார் வருவதற்கு முன்பே முடித்திருக்கவேண்டும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் எனக்குத் தேவைப்படவில்லை. 110 கிலோமீட்டருக்கான கரண்டை ராத்திரி பதினொன்றுக்குப் போட்டால் காலை நாலரைக்குள் சின்ன சார்ஜரே ஏற்றிவிடுகிறது.

அப்போதும் ஆடி முடியட்டும் என்றார்கள் அம்மா. ஆவணியில் வண்டியை எடுத்தோம். அந்த வருடம் பிப்ரவரியிலேயே பேட்டரி செல் விலை குறைந்து மின்கார்களின் விலை இறங்கியிருந்தது. நெக்சானில் 1.2 லட்சம் வரை குறைந்தது. என் மைத்துனர் அதற்கு இரண்டு மாதம் முன்பு வாங்கியிருந்தார். "பாத்தீங்களா மாமா, நீங்க பொறுத்தது நல்லது" என்றார். ஆனால் அவர் வாங்கிய பிறகு நான் பொறுத்த எட்டு மாதத்தில் பெட்ரோலுக்குக் கூடுதலாகக் கொடுத்தது ஒரு லட்சத்துக்குக் குறையாது. அவருக்கும் தினசரி ஓட்டம் என்னளவு உண்டு. கூட்டிக் கழித்தால் இருவரும் ஏறக்குறைய சமம். விலை இறங்கும் இறங்கும் என்று காத்திருப்பதற்கும் மாதாமாதம் ஒரு விலை இருக்கிறது, அதிகம் ஓடுகிறவர்களுக்கு.

குறைவாக ஓடுகிறவர்களுக்கு அது கிடையாது. கும்பகோணத்தில் இருக்கும் பெரியப்பா போன தீபாவளிக்கு என் காரில் ஒரு சுற்று போய்விட்டு ஆசைப்பட்டுவிட்டார். "ஏம்ப்பா, சத்தமே இல்லாம போவுதே. நானும் ஒண்ணு எடுத்துரவா?" சொந்த வீடு, பெரிய திண்ணை, கார் நிறுத்த இடம், நல்ல எர்த், எல்லாம் உண்டு. ஆனால் அவர் மாதம் 300 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். கோவிலுக்கும் டாக்டரிடமும்தான். பெட்ரோலுக்கு இரண்டாயிரம் ஆகிறது, மின்காரில் மிஞ்சப்போவது ஆயிரத்தைந்நூறு. அவருடைய 2016 மாடல் காரில் ஒரு குறையும் இல்லை. "பெரியப்பா, உங்களுக்கு இப்ப வேண்டாம். இந்தக் கார் ஓடுற வரைக்கும் ஓட்டுங்க. மாத்தவேண்டிய நாள் வரும்போது அன்னிக்கு என்ன பேட்டரி, என்ன விலைன்னு பாத்துக்கலாம்" என்றேன். கொஞ்சம் முகம் வாடினாலும் கணக்கைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

பழைய மின்கார் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை நன்றாகவே இறங்கிக் கிடைக்கிறது. ஆனால் வாரண்டித் தாளை முழுவதும் படியுங்கள். எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலாக இருக்கும் பேட்டரி வாரண்டி. ஆயுட்கால வாரண்டி என்று விளம்பரம் வருவதில் சில, முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். பேட்டரியின் இப்போதைய கொள்ளளவு எத்தனை சதவீதம் என்று சர்வீஸ் நிலையத்தில் எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்கவேண்டாம். புதிய கார் என்றாலும் தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். மாதக்கணக்கில் யார்டில் சார்ஜ் இல்லாமல் நின்ற வண்டியை வருடக் கடைசித் தள்ளுபடியில் தலையில் கட்டிவிடுவார்கள்.

தஞ்சாவூரில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் இருக்கிறார். தினமும் 70 கிலோமீட்டர் ஓட்டம். கீழே அவருக்கென்று பார்க்கிங் உண்டு, சங்கத்தில்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் கேட்டா என்ன பண்றது, பொதுக் கரண்டு எப்படிக் கொடுக்கறது" என்றார்களாம். பொதுக் கரண்ட் வேண்டாம், என் வீட்டு மீட்டரிலிருந்தே தனி வயர் இழுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். குடியிருப்பவர் தம் வீட்டில் இருக்கும் இணைப்பிலிருந்தே வாகனத்துக்குச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதன் நகலையும் இணைத்தார். மூன்று கூட்டம் ஆனது. போன மாதம் சம்மதம் கிடைத்துவிட்டது, எழுத்தில். வரும் ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார், எர்த் பார்க்க நானும் போகிறேன். ஷோரூம் பக்கம் அக்கா இன்னும் போகவில்லை.